ப்ரீநப்: ஒப்பந்தமா, உடன்படிக்கையா?

உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், தம்பு செட்டித் தெருவில் ஒரு ஜாப் டைப்பிங் கடை. வாடகைப் பத்திரம் ஒன்றுக்காக நான் காத்திருந்தபோது காசிமேட்டிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். அவள் பெயரில் விசைப்படகு ஒன்றில் பங்கு இருக்கிறது. அடுத்த மாதம் ராயபுரத்துத் தேவாலயத்தில் திருமணம். “ப்ரீநப் பத்திரம் அடிக்க வேண்டும், அண்ணா” என்றாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “தலைப்பு என்னம்மா போடுவது?”

நியாயமான கேள்விதான். ‘ப்ரீநப்’ என்பது ‘ப்ரீநப்ஷியல் அக்ரிமென்ட்’ என்பதன் வால் நறுக்கிய வடிவம்: சொத்து, கடன் பற்றி மணமக்கள் திருமணத்துக்கு முன்பே எழுதிக்கொள்வது. லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன், ‘நுப்தியே’ என்றால் திருமணம். நம் நாட்டுப் பழைய சட்டங்களில் தென்படுவது அதன் அண்ணன் ‘ஆன்டிநப்ஷியல்’. இந்த ‘ஆன்டி’யும் ‘முன்’ என்றே பொருள்படும் முன்னொட்டு. தமிழில் எழுதினால் எதிர்ப்பைக் குறிக்கும் ஆன்டியோடு கலந்து, திருமண எதிர்ப்புச் சங்கத்தின் பெயர்போல ஆகிவிடுகிறது.

தமிழில் ‘முன்மண ஒப்பந்தம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முன்மணம் என்றால் முதலில் நடந்த வேறொரு மணம் என்று படிக்க இடமிருக்கிறது. மறுமணக்காரர் வீட்டில் வம்பு வரும். ‘மணமுன்’ என்று மாற்றிப் போட்டால் ஐயம் தீர்கிறது. எழுதிக்கொடுத்த பத்திரத்துக்கு ‘முறி’ என்று அழகான பழஞ்சொல் ஒன்று உண்டு. இலங்கையில் இன்றும் ‘பிணைமுறி’ என்று வழங்குகிறார்கள். ஆனால் ‘மணமுறி’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் கண் தானாகவே ஒரு ‘வு’ சேர்த்து மணமுறிவு ஆக்கிவிடும். கைவிட வேண்டியதுதான்.

மீதியிருப்பது ஒப்பந்தமா, உடன்படிக்கையா என்பது. பேச்சில் இரண்டும் ஒன்று. சட்டத்தில் ஒன்றல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே வேலி போடுகிறது: இருவர் தமக்குள் வாக்குக் கொடுத்து இசைவது ‘அக்ரிமென்ட்’, அதிலும் சட்டத்தின் துணைகொண்டு நிறைவேற்ற வைக்கக்கூடியது மட்டுமே ‘கான்ட்ராக்ட்’. பின்னதற்கு ஒப்பந்தம் என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. சட்டத்தின் பெயரே அதுதான். ஆகவே முன்னதற்கு உடன்படிக்கை. எல்லா ஒப்பந்தமும் உடன்படிக்கையே. எல்லா உடன்படிக்கையும் ஒப்பந்தம் ஆகிவிடாது.

ப்ரீநப் எந்தப் பக்கம்? அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொதுநலக் கொள்கைக்கு முரணான உடன்படிக்கை செல்லாது என்கிறது. 1901இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் ஒரு மாப்பிள்ளை, மனைவியை அவள் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துப் போகமாட்டேன், நானும் அங்கேயே இருப்பேன் என்று திருமணத்துக்கு முன்பே இசைந்திருந்தார். நம் மொழியில் வீட்டோடு மாப்பிள்ளை. இந்துச் சட்டம் கணவனுக்குத் தரும் உரிமையை அப்படி எழுதித் தீர்க்க முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தக் காலத்துக் கணவன் உரிமையை இன்று யாரும் அப்படியே ஏற்கமாட்டார்கள். தீர்ப்பின் நிழல் மட்டும் இன்னும் நீள்கிறது. ஆகவே இங்கே ப்ரீநப் பெரும்பாலும் உடன்படிக்கையின் பக்கம்.

கோவாவில் நிலைமை வேறு. போர்ச்சுகீசியர் விட்டுப்போன 1867ஆம் ஆண்டுக் குடிமையியல் சட்டப்படி அங்கே தம்பதியின் சொத்து பொதுவாகிவிடும். வேண்டாம் என்பவர்கள் திருமணத்துக்கு முன்பே வேறுவிதமாக எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். அது முழு ஒப்பந்தம். இங்கிலாந்தில் 2010இல் உச்ச நீதிமன்றம், விளைவு புரிந்து, தன் விருப்பத்தோடு கையெழுத்திட்டிருந்தால், நியாயக்கேடாக இல்லாதவரை ப்ரீநப்பை மதிக்க வேண்டும் என்றது.

வடசென்னையிலேயே தெருவுக்குத் தெரு கதை மாறும். மண்ணடியில் நிக்காஹில் குறிக்கும் மஹர் என்ற மணக்கொடை, கணவன் மனைவிக்குப் பட்ட கடன். நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம். ராயபுரத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் ‘ஆன்டிநப்ஷியல் செட்டில்மென்ட்’ என்ற சொல்லே இருக்கிறது: திருமணத்துக்கு முன் தம்பதிக்காக எழுதிவைத்த சொத்து ஏற்பாடு அது. மணத்தை ரத்துசெய்யும் தீர்ப்புக்கு முன் அதைப் பற்றி விசாரித்து, அந்தச் சொத்து யாருக்குப் பயன்பட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை; திருமணத்தையொட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி 27ஆம் பிரிவு பேசுவதோடு சரி.

அப்படியானால் அந்தப் பெண் வீண் செலவு செய்கிறாளா? இல்லை. யார் பெயரில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், சேர்ந்து வாங்கும் வீட்டில் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று ஒளிக்காமல் எழுதி, இருவரும் தனித்தனி வழக்கறிஞரிடம் கேட்டு, முகூர்த்த நாளின் நெருக்கடிக்கு முன்பே சாட்சிகளோடு கையெழுத்திட்டால், நாளை வழக்கில் அது நல்ல சான்று. ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்ற வரி நிற்காது. குழந்தை யாரிடம் வளரும் என்பதையும் இப்போதே முடித்துவிட முடியாது. குழந்தையின் நலனைப் பார்த்து நீதிமன்றம் தீர்மானிப்பது அது. வரதட்சணை கொடுக்கவோ வாங்கவோ இசையும் எந்த வரியும் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி செல்லாது. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் 1985இல் வந்த விதிகள், மணமக்களுக்கு வரும் பரிசுகளைக் கொடுத்தவர் பெயரோடும் மதிப்போடும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடச் சொல்கின்றன. மொய் நோட்டில் காட்டும் அக்கறையில் பாதியை இந்தப் பட்டியலில் யாரும் காட்டுவதில்லை.

இன்னொன்றையும் கடைக்காரர் அவளிடம் கேட்டார்: “உயில் ஏதாவது எழுதியிருக்கிறாயா?” கிறிஸ்தவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணத்தோடு ரத்தாகிவிடும். அவள் எழுதியிருக்கவில்லை.

‘மணமுன் உடன்படிக்கை’ என்று தட்டிக் காட்டினார். அதுவரை ‘என்ன பத்திரமோ’ என்று முகம் சுளித்திருந்த அப்பா, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். “உடன்படிக்கையா? அது வேதாகமத்திலேயே இருக்கிறதே” என்றார். “உடன்படிக்கைப் பெட்டி.”