அம்மியைப் பற்றிச் சொன்னால் நமக்கு ஏன் தெம்பு வருகிறது?

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பது அம்மாவின் வேலை. முதலில் ராசிபலன்: மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்கு அலைச்சல் என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். அப்புறம்தான் அடியில் இருக்கும் பொன்மொழி. என்றைக்காவது, “எனக்குன்னே போட்டிருக்கான்” என்பார். அந்தத் தாள் மட்டும் குப்பைக்குப் போகாது, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் போய்விடும்.

சிவகாசியில் கட்டுக்கட்டாக அச்சாகிற வரி ஒருவருக்கென்றே எழுதிய மாதிரி எப்படித் தோன்றுகிறது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு, ‘இதுதான் உங்கள் குணம்’ என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4ஐத் தாண்டியது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்தான். பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள் என்கிற ரகம். யார்தான் அப்படி இல்லை? ஊர் பேர் இல்லாத வாசகத்தில் விட்ட இடத்தை மனம் தன் சொந்தக் கதையால் நிரப்பிக்கொள்கிறது.

ஓசையும் கூடச் சேர்ந்துகொள்ளும். ‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்று சொல்லிப் பாருங்கள். இதையே ‘தொடர்ந்து தட்டினால் அரைக்கும் கல்லும் நகரும்’ என்றால் பொருள் அதேதான், ஆனால் உப்புச்சப்பில்லை. (அம்மியை அடித்து நகர்த்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.) 2000இல் மேத்யூ மெக்லோனும் அவருடைய சக ஆய்வாளரும் ஆங்கிலப் பழமொழிகளை இப்படித்தான் கலைத்துப் பார்த்தார்கள். இயைபு உள்ள வடிவமே கூடுதல் உண்மை என்று வாசித்தவர்களுக்குப் பட்டது. அழகை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் பாருங்கள் என்று முன்பே சொல்லிவைத்தபோது அந்த வித்தியாசம் குறைந்தது. மூளைக்குச் சிரமம் வைக்காத வாக்கியத்துக்கு ‘உண்மை’ என்ற முத்திரை சுலபமாக விழுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டதற்கும் இதே சலுகை உண்டு.

சரி, தெம்பான வார்த்தை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா? கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்று பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரைத் தமக்குள் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களில், அப்படிச் சொன்னவர்கள் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். ‘எங்கே, இல்லையே’ என்று உள்ளிருந்தே ஒரு குரல் மறுத்திருக்கும். பழமொழிக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பது என் ஊகம். அது நம்மைப் பற்றிப் பேசுவதே இல்லை, அம்மியைப் பற்றிப் பேசுகிறது. யார் மறுக்கப்போகிறார்கள்?

போன மாதம் அஞ்சறைப் பெட்டியை நகர்த்தியபோது எண்ணெய்க் கறையோடு ஒரு தாள் வந்தது. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்.’ இதில் என்ன இருக்கிறது என்று கீழே வைக்கப் போனவன் தேதியைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம்.