பவர் பத்திரம் எதுவரை? அமெரிக்க எல்லையும் அதிபரின் கையெழுத்தும்

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பது மணி. சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு. நியூ ஜெர்சியில் 17 வருடமாகக் குடியேற்ற வழக்குகள் பார்க்கிறேன். அந்த நேரத்தில் வரும் போன் நல்ல செய்தி சொல்லி எனக்கு ஞாபகம் இல்லை.

"மேடம், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள திரும்பலைன்னா ஒரு லட்சம் டாலர் கட்டணுமாம். கம்பெனியிலேருந்து மெயில் வந்திருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போவதற்காகவே லீவு போட்டு வந்தவர். சனிக்கிழமை ராத்திரிக்கு ரயில் டிக்கெட் கையில் இருக்கிறது. அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனத்தை நானே அப்போதுதான் முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கான எச்-1பி விசாவில் நாட்டுக்குள் வருவோருக்காக ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும், ஞாயிறு அதிகாலை 12.01 முதல் அமல் என்று இருந்தது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கும் இது பொருந்துமா? அதற்குத் தெளிவாக ஒரு வரி இல்லை. "தெரியவில்லை" என்று சொல்லத்தான் எனக்குக் கட்டணமா என்று நினைத்திருப்பார், பாவம். காலை விமானத்துக்குக் கேட்ட விலையைக் கொடுத்து ஏறிவிட்டார்.

மறுநாள் குடியேற்றத் துறையின் விளக்கம் வந்தது: புதிய மனுக்களுக்கு மட்டுமே, கையில் விசா இருப்பவர்கள் தாராளமாகப் போய்வரலாம். அப்போது அவர் நடுவானில் இருந்தார்.

அந்த வாரம் என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஒரு ஆள் கையெழுத்து போட்டா ராத்திரியோட ராத்திரியா சட்டம் மாறிடுமா?" சிலர் "கோர்ட்டுக்குப் போனா ஸ்டே கிடைச்சிடும், விடுங்க" என்றார்கள். இரண்டு பேச்சுமே பாதிதான் சரி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்குக் கைகொடுப்பது பவர் பத்திரம். நிலத்துக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், மச்சானுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்திரத்தில் "விற்கலாம்" என்று இருந்தால் மச்சான் விற்றது செல்லும். பத்திரம் எதுவுமே சொல்லாத விஷயம் என்றால் வழக்கு இழுக்கும். "விற்கக் கூடாது" என்று எழுதியிருந்தும் விற்றால் செல்லாது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் நிலத்துக்காரர் காங்கிரஸ், அதாவது இங்குள்ள நாடாளுமன்றம். மச்சான்தான் அதிபர்.

இது என் சரக்கு மட்டுமல்ல. 1952இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரும் என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசின் கைக்குக் கொண்டுவர ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய குறிப்பில்தான் இந்த மூன்று படிகளும் இருக்கின்றன: காங்கிரஸ் கொடுத்த அதிகாரம், காங்கிரஸ் வாய் திறக்காத இடம், காங்கிரஸ் வேண்டாம் என்ற இடம். இன்றும் எந்த அதிபரின் ஆணையைப் படித்தாலும் வக்கீல்கள் முதலில் தேடுவது, இது எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான்.

அந்த ஒரு லட்சம் டாலர் பிரகடனம் எங்கே நிற்கிறது? 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 212-எஃப் என்றொரு பிரிவு இருக்கிறது. எந்த வகை வெளிநாட்டவர் வருவதும் நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால், அவர் விரும்பும் காலம்வரை அவர்கள் நுழைவை நிறுத்தலாம், நிபந்தனையும் போடலாம். இத்தனை தாராளமான பவர் பத்திரத்தை எந்த மச்சானுக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. டிரம்பின் முதல் ஆட்சியில் சில நாட்டவருக்கு விதித்த பயணத் தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஏற்றுக்கொண்டதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். நுழைவைத் தடுப்பது வேறு, பணம் கேட்பது வேறு, வரி போடும் உரிமை காங்கிரஸுக்கே என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனாலும் எல்லைக்கு வெளியே நிற்பவர் விஷயத்தில் அதிபரின் கை ஓங்கியே இருக்கும். ஸ்டே வந்துவிடும் என்று நம்பி டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல் போனது அதனால்தான்.

இதற்கு நேரெதிர் உதாரணம் 2025 ஜனவரி 20ஆம் தேதி வந்தது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்க, அப்பாவோ அம்மாவோ குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்ற ஆணை. ஆவணம் இல்லாதவர்களைப் பற்றியதுதானே என்று பலர் அதைத் தாண்டிப் போனார்கள். தாய் தற்காலிக விசாவில் இருந்தாலும் பொருந்தும் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர் விசா எல்லாம் அதில் அடக்கம். பிப்ரவரி 19 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு என்று நாள் குறித்திருந்தார்கள்.

எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, பத்தொன்பதாம் தேதிக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" நல்ல நேரம் பார்த்து சிசேரியன் வைப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் வெள்ளை மாளிகை குறித்துக் கொடுத்த முகூர்த்தம் என்று நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. "இதை டாக்டரிடம் கேள், வக்கீலிடம் கேட்காதே" என்றேன். "குழந்தை எப்போது வர வேண்டுமோ அப்போது வரட்டும்" என்றும் சொன்னேன்.

அப்படிச் சொல்லத் தைரியம் கொடுத்தவர் வோங் கிம் ஆர்க். சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தப் பெற்றோர் சட்டப்படி அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாத காலம் அது. சீனாவுக்குப் போய்த் திரும்பியவரை 1895இல் துறைமுகத்திலேயே நிறுத்தி, நீ குடிமகன் இல்லை என்றார்கள். 1898இல் உச்ச நீதிமன்றம் 6-2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம் இந்த மண்ணில் பிறந்தவரைக் குடிமகன் என்கிறது. தூதரகக் குடும்பம் மாதிரி சில விலக்குகள்தான். அரசியல் சாசனமே சொல்லும் விஷயத்தில் அதிபருக்குப் பத்திரமே கிடையாது. காங்கிரஸ் நினைத்தாலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆணை வந்த மூன்றாம் நாள் சியாட்டிலில் நீதிபதி ஜான் கஃப்னர் தடை போட்டார். டிரம்பின் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரீகன் நியமித்த நீதிபதி. 40 வருடத்துக்கு மேல் இருக்கையில் இருந்தும், சட்ட விரோதம் இவ்வளவு பச்சையாகத் தெரிந்த வழக்கைப் பார்த்ததில்லை என்றார்.

இங்கேயும் ஒரு முடிச்சு விழுந்தது. ஜூன் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுமைக்கும் தடை போடக் கூடாது, வழக்குப் போட்டவர்களுக்குத் தேவையான அளவு நிவாரணம் கொடுத்தால் போதும் என்று 6-3இல் சொல்லிவிட்டது. ஆணை சரியா தப்பா என்பதற்குள் போகவே இல்லை. உடனே நியூ ஹாம்ப்ஷரில் பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும் ஒரே அணியாகச் சேர்த்து வழக்குப் போட்டார்கள், ஜூலை 10இல் தடை கிடைத்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மூல வழக்கையே விசாரணைக்கு எடுத்தது. "ஸ்டே கிடைச்சாச்சு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், யாருக்குக் கிடைத்தது என்று ஒரு தடவை கேளுங்கள்.

இதையெல்லாம் டிரம்ப் கதை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஒபாமா 2010இல், நான் அதிபர், ராஜா இல்லை, இதைத் தனியாகச் செய்ய முடியாது என்று சொன்னவர். 2012இல், ஆவணம் இல்லாமல் சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் 'டாக்கா' திட்டம் கொண்டுவந்தார். 2014இல், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதே மாதிரி நீட்டப் பார்த்தார். டெக்ஸஸ் நீதிமன்றம் அதை நிறுத்தியது, 2016இல் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் நிறுத்தம் அப்படியே நின்றது. நல்ல நோக்கம் என்று அப்போது கைதட்டியவர்களில் நானும் உண்டு. பத்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மெக்சிகோ எல்லைச் சுவர் விவகாரம் இன்னும் சுவையானது. டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். காங்கிரஸ் மறுத்தது. 2018 டிசம்பரிலிருந்து 35 நாள் அரசு இயந்திரம் முடங்கிக் கிடந்தது. கடைசியில் 137.5 கோடி கொடுத்தார்கள். 2019 பிப்ரவரி 15இல் தேசிய அவசரநிலை அறிவித்து, ராணுவக் கட்டுமானப் பணத்தை எடுத்தார். சொந்தக்காரர் வேண்டாம் என்ற பிறகு மச்சான் பெட்டியைத் திறந்த கதை, மூன்றாம் படி. கீழ் நீதிமன்றங்கள் தடுத்தன. ஆனால் அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை ராணுவப் பணத்தில் 250 கோடியைச் செலவழிக்கலாம் என்று 5-4இல் விட்டுவிட்டது. வழக்கு முடிவதற்குள் பல மைல் சுவர் எழும்பிவிட்டது. ஆக, அதிகாரத்துக்கு எல்லை இருக்கிறது என்பது ஒன்று. அந்த எல்லை நேரத்துக்கு வந்து சேருமா என்பது வேறு.

போன வருடம் தமிழ்ச் சங்கத்துச் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் 14 வருஷம் வரிசையில நின்னு கிரீன் கார்டு வாங்கினேன்மா. சுவர் ஏறிக் குதிச்சவனுக்கு எதுக்கு கோர்ட்டு, எதுக்கு வக்கீல்?" அவர் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆண்டு கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதி இந்தியர்களைப் பத்து, இருபது வருடம் நிறுத்தி வைக்கிறது. இன்னொரு பக்கம் 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் தெற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் சுமார் 2.5 லட்சம். எல்லையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பவரை இனவெறியர் என்று தள்ளிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். பைடனே 2024 ஜூனில் அடைக்கலம் கேட்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டார்.

ஆனாலும் அந்தப் பெரியவர் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எந்த வழியாக வந்தாலும் அடைக்கலம் கேட்கலாம் என்பது காங்கிரஸ் எழுதிய சட்டம். பிடிக்கவில்லை என்றால் சட்டத்தை மாற்ற வேண்டும். கையெழுத்தால் அதை அழிக்கப் பார்ப்பது வேறு. டிரம்ப் அரசு 1798ஆம் ஆண்டுப் போர்க்காலச் சட்டத்தைத் தூசி தட்டி வெனிசுவேலா நாட்டவரை எல் சல்வடோர் சிறைக்கு அனுப்பியபோது, முன்கூட்டியே அறிவித்து எதிர்த்து வாதாட வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் யார் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிற, அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தத்தில் இருக்கும் சொல் 'குடிமகன்' இல்லை, 'நபர்'. விசாரணையே வேண்டாம் என்றால், நான் குதித்து வந்தவன் இல்லை என்று அந்தப் பெரியவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். சுவர் ஏறாமலே சட்டவிரோதமாக இருப்பவர்கள் நம் பந்தியிலேயே இருக்கலாம். விசா முத்திரையில் உள்ள தேதி நுழைவதற்கு. தங்குவதற்கான தேதி ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கிறது. எச்-4இல் இருந்த ஓர் அம்மா ஊருக்குப் போய்த் திரும்பினார். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதி ஆகப்போகிறது என்பதால், விமான நிலைய அதிகாரி ஐ-94ஐ அந்தத் தேதி வரைக்கும்தான் போட்டிருந்தார். விசா தாளில் இன்னும் இரண்டு வருடம் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. என்னிடம் வந்தபோது 14 மாதம் கூடுதலாகத் தங்கியாகிவிட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 நாளைத் தாண்டித் தங்கியவர் வெளியேறினால் 3 வருடம் திரும்ப முடியாது, ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடம். பிள்ளைகள் இரண்டும் இங்கே பள்ளியில். தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு மனுப் போட்டு எப்படியோ மீட்டோம். எல்லோருக்கும் அந்த மன்னிப்பு கிடைப்பதில்லை.

வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாரண்ட் என்றால் கீழே கையெழுத்தைப் பாருங்கள். குடியேற்ற அதிகாரி தன் துறைக்குள்ளேயே போட்ட கையெழுத்து வேறு, நீதிமன்ற நீதிபதி போட்டது வேறு. உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் வர நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்பதுதான் காலம்காலமான விதி. கதவைத் திறக்காமல் கீழிடுக்கில் தள்ளச் சொல்லிப் படிக்கலாம். பொய் சொல்லாதீர்கள், ஓடாதீர்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, லாக்கரில் பூட்டி வைக்காதீர்கள்.

ராமேஸ்வரத்துக்காரர் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நியூயார்க்கில் இறங்கினார். கவுண்டரில் இரண்டே கேள்வி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களாம். லட்சம் டாலர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "அமாவாசை போச்சு மேடம், தம்பியை விட்டு செய்யச் சொல்லிட்டேன்" என்றார். வருத்தமா, நிம்மதியா, குரலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஐ-94ஐ இணையத்தில் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்தது. விசா 2027 வரை இருந்தது. ஐ-94இல் இருந்த தேதி 2026 மார்ச்.

"பாஸ்போர்ட் எப்ப முடியுது?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பையைத் துழாவும் சத்தம் கேட்டது.