எட்டடிப் பலகை வாங்கும் முன் கையை நீட்டிப் பாருங்கள்

கடந்த வாரம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறையில், வேறொரு பட்டறையில் செய்து வாங்கிய, சிறு மாதிரி ரயில்களை ஓட்டும் மேசையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக் கொடுத்தேன். இரு பக்கம் சுவரை ஒட்டி மூலையில் போட்டிருந்த, எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட் பலகை அது. பின்வரிசைத் தண்டவாளத்தில் தடம் புரண்ட பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறிக் குனிந்தவரின் முழங்கை, அவரே அட்டையில் பொறுமையாக வெட்டி ஒட்டியிருந்த நடைமேடைக் கூரையை நசுக்கியிருந்தது. “சுவரோடு போட்டால்தானே தம்பி அறை விசாலமாக இருக்கும்?” என்று அந்த ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் கேட்டபோது, இந்த ஆண்டில் நான்காவது முறையாக அதே விளக்கத்தைத் தொடங்கினேன்.

எட்டுக்கு நான்கு என்பது ப்ளைவுட் ஆலையின் அளவு. ரயிலின் அளவு அன்று. மேசையோரம் நின்று வாகாக வேலை செய்ய எட்டும் தொலைவு சுமார் 60 செ.மீ.; எக்கினால் 75. பலகையின் அகலமோ 122. ஆகவே இரு நீளப் பக்கங்களிலும் ஆள் நிற்க இரண்டிரண்டு அடி விட வேண்டும். பலகை 32 சதுர அடி என்றால், ஆளோடு சேர்த்து அது கேட்பது 64. சுவரோடு தள்ளினால் அறை பெரிதாகிவிடாது, பலகையின் பின்பாதி உங்கள் கையை விட்டுப் போய்விடும். ரயில் எப்போதும் அங்கேதான் கவிழ்கிறது என்று புலம்புகிறார்கள். எட்டாத இடத்து இணைப்புகளை யாரும் துடைப்பதுமில்லை, சரிபார்ப்பதுமில்லை. பிறகு வேறெங்கே கவிழும்?

வளைவும் அப்படியே. இன்றைய விரைவு ரயில்களில் ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டியின் நீளம் 23.54 மீட்டர், 87இல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில் சுமார் 27 செ.மீ. வளைவின் ஆரம் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 68 செ.மீ. இருந்தால் நம்பி ஓட்டலாம். நான்கடிப் பலகையில் விளிம்புக்கு 5 செ.மீ. விட்டால் கிடைப்பது 56தான். அந்தப் பலகைதான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், இன்னும் சிறிய, 160இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவுக்கு மாறிக்கொள்ளட்டும்.

சிலருக்குச் சேர்வராயன் மலையும் வேண்டும். (ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது; 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது பேருந்து.) ஒரு தடத்தின் மேல் இன்னொன்று கடக்க 10 செ.மீ. ஏற வேண்டுமென்றால், நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் அதற்கு 5 மீட்டர், இறங்க மேலும் 5 மீட்டர் வேண்டும். அந்தப் பலகையின் முழுச் சுற்றே 6 மீட்டர்தான். 20 பெட்டி நிற்கும் நடைமேடைக்கும் ஐந்தரை மீட்டர் வேண்டும். ஐந்து பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பலகையை மறந்துவிட்டு முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள். கதவும் பீரோவும் எப்பக்கம் திறக்கின்றன என்று குறியுங்கள். சுவரோரமாக இரண்டடி அகலத் தட்டை ‘ட’ அல்லது ‘ப’ வடிவில் அமைத்து, நடுவில் நீங்கள் நில்லுங்கள். சுற்றி ஓடியே தீர வேண்டுமென்றால் கதவருகே தூக்கி எடுக்கும் பாலம் போதும். பத்துக்குப் பத்து அறையிலேயே 10 மீட்டர்ச் சுற்று தேறும். வாடகை வீட்டுக்காரர்கள், மாடிப்படியில் இறங்கும் அளவுத் துண்டுகளாகப் போல்ட் போட்டு இணையுங்கள்.

அறுத்த இரு துண்டுகளும் இப்போது ‘ட’ வடிவில் நிற்கின்றன. அறுப்புக்கூலி எனக்கு வருமானம்தான். ஆனாலும் ஒட்டிய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்கும்போது வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. தயவுசெய்து, பலகைக்குப் பணம் கொடுக்கும் முன் தரையில் சாக்பீஸால் வரைந்து, ஓரத்தில் நின்று கையை நீட்டிப் பாருங்கள்.