அட்வான்ஸ் பணத்தில் அடித்த பெயிண்ட்

போன ஜூலையில், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடிக்கு நடுவே ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நகைக்கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எதற்கு வாங்கிய நகைக்கடன் என்றேன். அவருடைய ஃப்ளாட்டில் குடியிருந்தவர் காலி செய்கிறாராம். அட்வான்ஸ் 1,60,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டுமாம். அந்தப் பணம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “அதில்தான் சார் பெயிண்ட் அடித்தேன்.”

அந்த வட்டியைக் கழிக்க முடியாது. வீடு வாங்க, கட்ட, பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்குத்தான் கழிவு உண்டு. ஆனால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். முதல் வீட்டை வாடகைக்காக வாங்குகிறவர்களில் பலர் இந்தப் படியில்தான் இடறுகிறார்கள்.

அவர் கணக்கையே பார்ப்போம். தாம்பரத்தை அடுத்து, மறுவிற்பனைக்கு வந்த இரண்டு படுக்கையறை ஃப்ளாட். விலை 50 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத்தான் வங்கி தரலாம். ஆகவே கடன் 40 லட்சம். பத்திரச் செலவை வங்கி அந்த மதிப்பில் சேர்க்காது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். அதற்கே நாலரை லட்சம். தரகருக்கு ஐம்பதாயிரம். கையிலிருந்து 15 லட்சம் போனபிறகு பெயிண்டுக்கும் உடைந்த குழாய்களுக்கும் காசு மிஞ்சவில்லை. குடிவந்தவர் பத்து மாத அட்வான்ஸை நீட்டியதும் அது சாமி கொடுத்த வரம்போல இருந்திருக்கிறது.

அட்வான்ஸ் என்பது கடன். வட்டியில்லாத, தேதி தெரியாத கடன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. சென்னை இன்னும் பத்து மாதப் பழக்கத்தை முழுதாக விடவில்லை. மூன்றோ பத்தோ, வாங்கிய அன்றே வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள். வட்டியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், அசல் அவருடையது.

இனி மாதக் கணக்கு. 40 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். வாடகை 16,000. மீதி 18,700 சம்பளத்திலிருந்து போகவேண்டும். “வாடகை வந்து கடனை அடைத்துவிடும்” என்று தரகர் சொன்னதைத் தாளில் போட்டுப் பார்த்தால் இப்படித்தான் நிற்கிறது. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் 32,000 ரூபாய் வரவு நின்றுபோகும். குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அதனால் ஆறு மாதத் தவணைத் தொகை தனியாகக் கையில் இல்லாதவரிடம் இப்போது வாங்கவேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். இதனால் இரண்டு பேர் என்மீது வருத்தத்தில் இருக்கிறார்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்காமல் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்களுக்குத்தான் வரும்.

வரி விஷயத்தில் மக்கள் கொண்டுவரும் கோப்பைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பெயிண்ட் கடை ரசீது, பிளம்பர் துண்டுச்சீட்டு, மோட்டார் காயில் கட்டிய பில் எல்லாம் தேதிவாரியாகக் குத்தி வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்றும் தேவையில்லை. வாடகையிலிருந்து அந்த ஆண்டில் நீங்கள் உண்மையாகக் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் சட்டமே கழிவாகக் கொடுத்துவிடுகிறது. செலவே செய்யாவிட்டாலும் 30தான். வீட்டையே புதுப்பித்தாலும் 30தான். பிறகு கடன் வட்டி. இவருக்கு முதல் ஆண்டு வட்டி மட்டும் மூன்றேகால் லட்சத்துக்கு மேல். அதைக் கழித்தால் வீட்டுக் கணக்கு இரண்டு லட்சம்போல நஷ்டத்தில் முடிகிறது. பழைய வரி முறையில் இருப்பவர் ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டலாம். நாமாக மாற்றிக்கொள்ளாதவரை இப்போது நம்மை உட்காரவைத்திருப்பது புதிய முறை. அதில் அந்த ஈடு கிடையாது. “வீட்டுக்கடன் வாங்கினால் வரி மிச்சம்” என்ற பழைய பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் முதலில் தாங்கள் எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளவும்.

மனைவி பெயரில் வாங்கினால் வாடகைக்கு வரி வராது என்று இன்னொரு நம்பிக்கை. பணம் கணவருடையது என்றால் அந்த வாடகை கணவர் கணக்கில்தான் சேரும். வாடகையை மறைக்கும் யோசனையும் பலிக்காது. வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கேட்டு, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை காட்டும் சம்பளக்காரர், உங்கள் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாகவேண்டும்.

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பிரிக்கப்படாத நிலப் பங்கு (கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு உரிய பங்கு) ஆகியவற்றை வக்கீல் பார்ப்பார். வக்கீல் பார்க்காத ஒன்று தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, கோடையில் எத்தனை லாரி வருகிறது என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்.

குடிவைக்கும்போது பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இன்றைய சட்டப்படி எத்தனை மாத வாடகையானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். அதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. பெயிண்டுக்கு, சுத்தம் செய்வதற்கு என்று அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் அதிலேயே தொகையாக எழுதிவிடுங்கள். நகைக்கடன் வாங்கியவரின் ஒப்பந்தத்தில் அந்த வரியே இல்லை. சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளுக்கு அவர் ஒரு மாத வாடகை கேட்டார். குடியிருந்தவர் குடிவந்த அன்று எடுத்த கைப்பேசிப் படங்களைக் காட்டினார். ஆணிகள் அன்றும் அங்கேயே இருந்தன. 1,60,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியை வாங்கினார்.