குழந்தை முக்கவில்லை, அடக்குகிறது

"எவ்வளவு முக்கியும் ஆய் வரமாட்டேங்குது டாக்டர், பார்க்கவே பாவமா இருக்கு" என்று சொல்லும் பெற்றோரிடம், அந்த நேரத்தில் குழந்தை எப்படி நிற்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். திரைச்சீலைக்குப் பின்னாலோ சோபா மூலையிலோ போய் ஒளிந்துகொள்ளும். காலைப் பின்னிக்கொள்ளும், இல்லையென்றால் நுனிக்காலில் விறைத்து நிற்கும். பிட்டத்தை இறுக்கும், முகம் சிவக்கும். பக்கத்தில் போனால் "போ, போ" என்று கத்தும். கொஞ்ச நேரத்தில் எதுவுமே நடக்காதது போல விளையாடப் போய்விடும்.

இது முக்குவது இல்லை. வரும் மலத்தை வெளியே விடாமல் அடக்குவது. மலம் கழிக்க நினைக்கிற குழந்தை குந்தும், முழங்காலை மடக்கும். அடக்குகிற குழந்தை உடம்பை நீட்டி விறைக்கும். சந்தேகமாக இருந்தால் குழந்தைக்குத் தெரியாமல் போனில் சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் விவரிப்பதைவிட அது எங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடும். பயத்தில் அடக்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் பக்கத்தில் நின்று "முக்கு, முக்கு" என்று சொன்னால் பயம் கூடத்தான் செய்யும்.

ஆரம்பம் பெரும்பாலும் ஒரே ஒரு வலிதான். காய்ச்சலில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கும், டயப்பரை நிறுத்தச் சொல்லி அவசரப்படுத்தியிருப்போம், புது இடத்தில் ஆய் போகப் பிடிக்காமல் அடக்கியிருக்கும். கெட்டியாக ஒரு மலம் வந்து ஆசனவாயில் சின்ன வெடிப்பு விழுந்திருக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 'இன்று வலித்தது, நாளை வலிக்காது' என்று யோசிக்கத் தெரியாது. ஆய் என்றால் வலி என்றுதான் மனதில் பதியும். அடுத்த முறை உணர்வு வந்ததும் அடக்கும். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் பெரிதாகி, இன்னும் கெட்டியாகும். ஒருநாள் வேறு வழியில்லாமல் அது வெளியேறும்போது, பயந்தது சரிதான் என்று குழந்தைக்கு உறுதியாகிவிடும்.

இப்படியே நீண்டால் மலக்குடல் விரிந்துபோகும், உணர்வே மங்கிவிடும். தேங்கிய கட்டியின் ஓரமாகத் தண்ணீராகக் கசிந்து உள்ளாடையில் ஒட்டும். வீட்டில் இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டு அதற்கு மருந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் சோம்பேறித்தனம் என்று அடியும் விழுகிறது. அந்தக் கசிவு குழந்தையின் கட்டுப்பாட்டிலேயே இல்லை. தயவுசெய்து அதற்காகத் திட்டாதீர்கள்.

வாரத்தில் இரண்டு முறையோ அதற்கும் குறைவாகவோ போவது, கெட்டியாக வலித்துப் போவது, அடக்குவது என்று இவை ஒரு மாதமாகத் தொடர்ந்தால் சிகிச்சை வேண்டும். தினமும் புழுக்கை புழுக்கையாகப் போனாலும் அது மலச்சிக்கலாக இருக்கலாம்.

"பழம், காய்கறி, தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம்" என்பார்கள். கொடுங்கள், நல்லதுதான். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் குறையுங்கள், மற்ற சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது. ஆனால் அடக்கும் பழக்கம் வந்தபின் உணவு மட்டும் போதாது, மருந்து வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பவுடரையோ, லாக்டுலோஸ் சிரப்பையோ மருத்துவர் எழுதித் தருவார். இவை குடலைத் தூண்டி விரட்டுவதில்லை, மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்குகின்றன. பழகிவிடுமோ, குடல் சோம்பேறியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை. மலத்தைக் கெட்டியாகத் தேங்கவிடுவதுதான் குடலைக் கெடுக்கும்.

உள்ளே கட்டி தேங்கியிருந்தால் முதலில் சில நாள் அதிக அளவில் மருந்து கொடுத்து அதை வெளியேற்றுவோம். அப்புறம் அளவைக் குறைத்துத் தினமும் கொடுக்க வேண்டும். மலம் பற்பசை பதத்துக்கு வர வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், பலருக்கு இன்னும் நாளாகும். தொந்தரவு எதுவும் இல்லாமல் ஒரு மாதமாவது கடந்தபின்தான் மெதுவாகக் குறைக்க ஆரம்பிப்போம். நான்கு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிட்டு, மூன்றாவது வாரம் அழுகையோடு திரும்பி வருபவர்கள்தான் அதிகம். குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வரவும், குழந்தை வலியை மறக்கவும் அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது. ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தை மருத்துவர் சொல்லாமல் வீட்டில் பயன்படுத்தாதீர்கள். கையைக் காலைப் பிடித்து அழுத்தி வைப்பது, ஏற்கெனவே பயந்த இடத்தில் மறுபடியும் பயமுறுத்துவது.

மலம் இளகும்வரை கழிப்பறைப் பயிற்சி வேண்டவே வேண்டாம். டயப்பரில்தான் போவேன் என்றால் டயப்பரையே கட்டுங்கள். அப்படி ஆய்க்கு மட்டும் டயப்பர் கேட்ட ஒரு பெண் குழந்தைக்கு அவளுடைய அம்மா செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலில் டயப்பரோடு கழிப்பறைக்குள் நின்று போனால் போதும் என்றார். அது பழகியபின், டயப்பரோடே சின்ன சீட்டில் உட்காரவைத்தார். பிறகு டயப்பரில் ஒரு ஓட்டை வெட்டினார். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார். ஒரு படியில் குழந்தை மறுத்தால் முந்தைய படிக்கே திரும்பினார், கோபப்படவில்லை. கடைசியில் டயப்பர் வேண்டாம் என்று சொன்னது குழந்தைதான்.

சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். கால் தொங்கக் கூடாது. பாதத்துக்கு ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள், ஊதும்போது வயிறு அழுந்தும், கீழே தசை தளரும். வந்ததற்காக இல்லாமல், உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள். டயப்பர் மாற்றும்போது "சீ, நாத்தம்" என்று முகம் சுளிப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

மலச்சிக்கல் உள்ள 100 குழந்தைகளில் சுமார் 95 பேருக்கு வேறு நோய் இருக்காது. ஆனால் பிறந்து 48 மணி நேரம் வரை முதல் மலம் போகாதிருந்தாலோ, பிறந்த முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கியிருந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, கால் பலவீனமாகத் தெரிந்தாலோ, முதுகின் அடியில் பள்ளமோ முடிக்கொத்தோ இருந்தாலோ உடனே காட்டுங்கள். வயிறு உப்பிப் பச்சை நிற வாந்தி எடுத்தால் அது அவசரம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குணமான பிறகும் காய்ச்சலிலோ பயணத்திலோ மலம் திரும்பக் கெட்டியாகலாம். அப்படி ஆனால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்காமல், மருத்துவரிடம் முன்பே கேட்டுவைத்த அளவில் அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிடுங்கள்.