அல்வா டப்பாவின் சிவப்பு

திருநெல்வேலியில் அல்வாக் கடை வைத்திருப்பவர் டப்பா அச்சடிக்க நினைத்தால், அவர் மனம் கோவில்பட்டி, சாத்தூர் வழியாக நேரே சிவகாசிக்குத்தான் போகும். 1910 வரை சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாவுக்குள்தான் இருந்தது. ஜில்லா பிரிந்த பின்னும் கொடுக்கல் வாங்கல் பிரியவில்லை. அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஓயாமல் வரும் வழக்கு ஒன்று உண்டு. புது டப்பாக்கள் வந்து இறங்கியதும் கடைக்காரர் பழைய டப்பாவை அருகில் வைத்துப் பார்ப்பார். “அண்ணாச்சி, இது நம் கடைச் சிவப்பு இல்லையே” என்று போன் போகும். அச்சகத்துக்காரரோ பழையதையும் புதியதையும் மெஷின் அருகே டியூப்லைட்டின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை. நிறம் டப்பாவில் மட்டும் குடியிருப்பதில்லை என்பதால் வருகிற வழக்கு இது.

மை நிறத்தைத் தருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் மை செய்யும் வேலை விழுங்குவது. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீளத்தில் ஊதாவாகத் தொடங்கி, 700 நானோமீட்டரில் சிவப்பாக முடிகிறது. மஞ்சள் மை இதில் நீலப் பகுதியை விழுங்குகிறது. ஊதா கலந்த ரோஸ் நிறமான மெஜந்தா மை பச்சைப் பகுதியை விழுங்குகிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் தப்பித்துத் திரும்புவது சிவப்புப் பகுதி மட்டுமே. அந்த ஒளியைக் கண்ணின் மூன்று வகைக் கூம்பு செல்கள் வாங்கிக்கொள்கின்றன. விளக்கு எதைக் கொடுத்தது, மை எதை விழுங்கியது, கண் எதை வாங்கியது ஆகிய மூன்றும் சேர்ந்தே நிறத்தை உண்டாக்குகின்றன.

இத்தனை அலைநீளங்களையும் கண் மூன்றே செய்திகளாகச் சுருக்கிவிடுகிறது. சுருக்கும்போது விவரம் தொலைகிறது. முதல் தடவை டப்பாவைத் தனியாகக் கலந்த சிவப்பு மையால் அச்சடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை மெஜந்தாவையும் மஞ்சளையும் சேர்த்து அந்தச் சிவப்பை எடுத்தார்கள். இரண்டும் ஒளியை விழுங்கும் விதம் வேறு வேறு. ஆனாலும் அச்சகத்து டியூப்லைட்டில் கண்ணுக்குச் சென்ற சுருக்கம் ஒன்றாக அமைந்துவிட்டது. கடையின் மஞ்சள் எல்இடி விளக்குக்கு வந்ததும் கணக்கு மாறி, இரண்டும் பிரிந்து நிற்கின்றன. இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் அச்சகத்துக்காரரைக் கோபிப்பதில் பயனில்லை.

‘கண் அளக்காததையா கை அளக்கும்’ என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. நிறத்தில் கண்ணின் திறமை பாதிதான். இரண்டு துண்டுகளை ஒட்டி வைத்தால் மிக நுண்ணிய வேறுபாட்டையும் பிடித்துவிடும். போன தீபாவளிச் சிவப்பை நினைவில் வைத்துக்கொள் என்றால் அதனால் முடியாது. அதனால்தான் கருவி வேண்டியிருக்கிறது.

அச்சகங்களில் நெடுங்காலமாக இருக்கும் கருவி டென்சிட்டோமீட்டர். விழுந்த ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இது அடர்த்தியாகச் சொல்லும். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. 2 என்றால் நூறில் ஒரு பங்கு. மை கூடியதா குறைந்ததா என்று மெஷின்காரர் அறிய இது அருமையான கருவி. ஆனால் நிறம் எது என்று இதற்குத் தெரியாது. சாயல் வேறான இரண்டு மெஜந்தாக்களுக்கு ஒரே எண்ணைக் காட்டிவிடும்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இதைத் தாண்டிப் போகிறது. அச்சுக்கு உரிய வகையில், ஒளி 45 பாகைச் சாய்வில் விழும். கருவி நேர் மேலிருந்து பார்க்கும். பளபளப்பு கருவியின் கண்ணைக் கூசாமலிருக்க இந்த ஏற்பாடு. திரும்பி வரும் ஒளியைப் பிரித்து, 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10 நானோமீட்டருக்கு ஒன்றாக 31 எண்களைத் தரும். கண் தொலைத்த விவரம் இந்த 31 எண்களில் இருக்கிறது. எந்த விளக்கில் இந்த டப்பா எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்குக்கு ஒரு மனிதக் கண் வேண்டுமே, அது யாருடையது? 1920களில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே சோதனை நடத்தினார்கள். சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து ஒவ்வோர் அலைநீளத்தின் நிறத்தையும் ஈடுகட்டச் சொன்னார்கள். பார்த்தவர்கள் மொத்தம் 17 பேர். அவர்களின் சராசரியை வைத்துப் பன்னாட்டு ஒளியூட்ட ஆணையம் 1931இல் ‘தர நோக்கர்’ ஒருவரை வகுத்தது. இன்று உலகம் முழுவதும் அட்டைப் பெட்டிகளின் நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்வது அந்தப் பதினேழு பேரின் கண்கள்தான். எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

1976இல் அதே ஆணையம் எல், ஏ, பி என்ற மூன்று எண்களை வகுத்தது. எல் என்பது வெளிச்சம்: 0 கறுப்பு, 100 வெள்ளை. ஏ கூட்டல் பக்கம் போனால் சிவப்பு, கழித்தல் பக்கம் பச்சை. பி கூட்டல் பக்கம் மஞ்சள், கழித்தல் பக்கம் நீலம். தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மை ஏற்றும் ஆப்செட் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-2 தரத்தின்படி, பூச்சுக் காகிதத்தில் மெஜந்தா ஏறத்தாழ எல் 48, ஏ 75, பி −4 என்று வர வேண்டும். இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள தொலைவுக்கு டெல்டா ஈ என்று பெயர். 1 என்பது அருகருகே வைத்துக் கூர்ந்து பார்த்தால் தெரிகிற அளவு. பழைய கணக்கு எல்லா நிறங்களையும் ஒரே கோலால் அளந்தது. கண்ணோ சாம்பல் நிறத்தில் சிறு மாற்றத்தையும் பொறுக்காது. அழுத்தமான சிவப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதைச் சரிசெய்யவே ‘டெல்டா ஈ 2000’ என்ற புதிய சூத்திரம் வந்தது.

எண் கையில் வந்துவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அரைக் கிலோ அல்வா என்றால் டப்பாவோடா, டப்பா நீங்கலாகவா என்று கேட்பவர் நிற எண்ணிலும் அப்படிக் கேட்க வேண்டும். எந்த ஒளியில் அளந்தது? அச்சுத் துறைக்கு டி50 என்ற பகலொளி தரமாக இருக்கிறது. அதில் புற ஊதா இருந்ததா? இந்தக் கேள்வி அற்பமானதல்ல. வெள்ளை வெளேரென்ற அட்டைகளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டி, புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. வெயிலில் அந்த அட்டை பளிச்சிடும். புற ஊதா இல்லாத எல்இடியில் சற்றே பழுப்பேறித் தெரியும். மேலே அச்சடித்த வெளிர் நிறங்களும் கூடவே மாறும். டி50 ஒளியைப் புற ஊதாவும் சேர்த்து வகுத்த அளவு முறைக்கு எம்1 என்று பெயர். புற ஊதாவை வெட்டிவிட்டு அளப்பது எம்2. எம்1இல் எடுத்த எண்ணையும் எம்2இல் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண்.

மை ஈரமாக இருக்கும்போது அழுத்தமாகத் தெரியும். காய்ந்ததும் சற்று மங்கும். அதன்மேல் பளபளப்பு லேமினேஷன் போட்டால் நிறம் ஆழமாகும். மேட் லேமினேஷன் போட்டால் வெளிறும். மெஷினிலிருந்து எடுத்த ஈரத் தாளைப் பார்த்துச் சம்மதம் சொன்ன கடைக்காரர், லேமினேஷன் ஆன டப்பாவைப் பார்த்துத் திகைப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது வேலை வேகமாக மாறிவருகிறது. பெரிய ஆப்செட் மெஷின்களில் தாளின் ஓரத்து நிறப்பட்டையைக் கருவி தானே அளந்து, மை விடும் சாவிகளைத் திருத்துகிறது. சயான் என்ற வெளிர் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நான்கு மைகளோடு ஆரஞ்சு, பச்சை, ஊதா ஆகியவற்றையும் நிரந்தரமாக ஏற்றி, ஏழு மைகளிலேயே பெரும்பாலான தனி நிறங்களை எடுக்கும் முறை பரவுகிறது. ஒவ்வொரு கடைக்கும் மெஷினைக் கழுவித் தனி மை ஏற்றும் நேரம் மிச்சம். டிஜிட்டல் அச்சில் பிளேட் என்ற அச்சுத் தகடு தேவையில்லை என்பதால் சில நூறு டப்பா கேட்கும் சிறு கடைக்கும் வழி பிறந்திருக்கிறது. கைக்கு அடக்கமான, போனோடு இணையும் அளவுக் கருவிகளும் கிடைக்கின்றன. போன் கேமராவையே கருவியாகக் கொள்ளக் கூடாது: படத்தை அழகாக்குவதற்காக நிறத்தை அது தானே திருத்திவிடும்.

எனக்கு இவற்றிலெல்லாம் முக்கியமாகப் படுவது பழுப்புக் காகிதம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வந்தபின் காகிதப் பைகள் மறுபடி கடைகளுக்கு வந்தன. உடன்குடிக் கருப்பட்டியைப் பழுப்பு உறையில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழுப்புக் காகிதம் தன் பங்குக்கு நீல ஒளியை விழுங்கிவிடுவதால், நீல எழுத்தும் பச்சைப் பனையோலையும் அதில் சோர்ந்துவிடும். அடியில் வெள்ளை மை ஒரு தடவை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கறுப்பு, கரும்பழுப்பு என்று காகிதத்துக்கு ஒத்துவரும் நிறங்களை வடிவமைப்பிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மறுசுழற்சிக் காகிதத்தில் ஒரு வரத்துக்கும் அடுத்த வரத்துக்கும் நிறம் வேறுபடும் என்பதால் அச்சடிக்கும் முன் காகிதத்தையே அளப்பது நல்லது.

கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரரும் கருப்பட்டிக்காரரும் கருவி வாங்க வேண்டியதில்லை. அடுத்த முறை அச்சகத்தில் சம்மதம் சொல்லும்போது, லேமினேஷன் முடிந்த மாதிரியின் எல், ஏ, பி எண்களையும், எந்த ஒளியில் எந்த முறையில் அளந்தது என்பதையும், எவ்வளவு டெல்டா ஈ வரை ஏற்றுக்கொள்வோம் என்பதையும் ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்கட்டும். அந்த மாதிரியைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வெயில் படும்படி வைக்க வேண்டாம், மஞ்சளும் மெஜந்தாவும் வெளுத்துவிடும். ஒரு காகித உறையில் போட்டு பீரோவுக்குள் வைக்கட்டும்.