கஸ்தூரி என்று கேட்டால் கடையில் கிடைப்பது என்ன?

பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை பக்கம் கைக்குழந்தைக்குச் சளி கட்டினால் வீட்டில் பெரியவர்கள் சொல்வது: "கஸ்தூரி மாத்திரை வாங்கியாந்து தாய்ப்பால்ல உரைச்சு நாக்குல தடவு." நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கடுகளவு மாத்திரை கொடுப்பார்கள். மலிவாகக் கிடைக்கும் அந்த மாத்திரையில் அசல் கஸ்தூரி இருக்க வழியே இல்லை.

அசல், இமயமலை, திபெத், சைபீரியா காடுகளில் வாழும் ஆண் கஸ்தூரி மானின் தொப்புளுக்குக் கீழே உள்ள பையில் சுரப்பது. ஒரு பைக்குச் சுமார் 25 கிராம்தான். கண்ணி வைத்தால் பெண் மானும் குட்டியும் சேர்ந்தே சாகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. பையை வாங்கினாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "ஒரிஜினல் சரக்கு" என்று ஒருவர் காட்டினால் அது போலி, இல்லாவிட்டால் குற்றம்.

போலி புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிய வாசனைத் திரவிய நூலிலேயே செயற்கையாகக் கஸ்தூரி செய்யும் முறைகள் உண்டு. காய்ந்த ரத்தம் கலப்பார்கள். எடைக்கு ஈயத் துண்டைப் பைக்குள் திணிப்பார்கள். பெருங்காயத்தில் தோய்த்த நூலைப் பைக்குள் இழுத்து, பெருங்காய நெடி போகிறதா என்று பார்ப்பது பழைய சோதனை. இப்போது அதை நம்ப முடியாது. 1888இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்து ஆய்வின் நடுவே தற்செயலாகக் கஸ்தூரி மணமுள்ள ரசாயனத்தைக் கண்டார். அதிலிருந்து செயற்கை மணங்கள் பெருகிவிட்டன. அத்தர், ஊதுபத்தி, சோப்பு எல்லாம் அந்த வகைதான். கஸ்தூரி மஞ்சளுக்கும் மானுக்கும் சம்பந்தமே இல்லை, அது கிழங்கு.

மருந்துக்கு வருவோம். ரசவாதம் அறிந்த நம் வைத்திய மரபில் கஸ்தூரி பெரும்பாலும் பாஷாணச் சரக்குகளோடு, அதாவது நச்சுத்தன்மையுள்ள பொருள்களோடு, கூட்டு மருந்தாகவே வரும். கஸ்தூரிக் கருப்பு என்ற சித்த மருந்தில் ரசமும் (பாதரசம்) கந்தகமும் உண்டு. ஆயுர்வேதக் கஸ்தூரி பைரவ ரசத்தில் லிங்கமும் நாபியும் சேரும். லிங்கம் பாதரசச் சரக்கு; நாபி என்பது இங்கே தொப்புள் அல்ல, ஒரு நச்சுக் கிழங்கு, நஞ்சு நீக்கும் சுத்தி சரியாக இல்லாவிட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும். கஸ்தூரிக்குப் பதில் கஸ்தூரி வெண்டை விதையைப் போடுவது ஏற்கப்பட்ட மாற்று, அதில் தப்பில்லை. பயப்பட வேண்டியது கூட இருப்பதைத்தான்.

உரைத்துக் கொடுப்பதில் அளவு என்ற ஒன்றே கிடையாது. சொரசொரப்பான கல்லில் இரண்டு இழுப்பு, வழவழப்பான கல்லில் பத்து இழுப்புக்குச் சமமாகலாம். மூன்று கிலோ குழந்தைக்கு அந்த வித்தியாசம் பெரிது. கழுவாத கல்லால் வயிற்றுப்போக்கு வருவது தனிக்கதை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். மருந்து வேண்டுமென்றால் மருத்துவர் எழுதித் தரட்டும்.

பெரியவர்களுக்கு வாங்கினாலும் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் நான்கும் உள்ள டப்பாதான். காகிதத்தில் மடித்துத் தரும் உதிரி மாத்திரை வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்காவிட்டால், காய்ச்சலடித்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தால் மிச்சத்தை டப்பாவோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.